செய்தியா, நாவலா: துப்பு கையில் இருக்கும்போது

தாராவியில் குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தரும் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டக் கட்டடம் ஒன்றில் வீடு ஒதுக்கியதில் தில்லுமுல்லு என்று துப்பு கிடைக்கிறது. மும்பைத் தமிழ் நிருபர், எழுத்தாளராகவும் இருந்தால், கை இரண்டு பக்கமும் இழுக்கும்.

செய்தி என்றால் முதலில் ‘அனெக்ஸர் 2’ வேண்டும். யாருக்கு வீடு என்ற தகுதிப் பட்டியல் அதுதான். 1.1.2000-க்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு இலவச வீடு என்பதால், பட்டியலைப் பழைய வாக்காளர் பட்டியலோடு வைத்துப் பெயர் பெயராக டிக் அடிக்க வேண்டியிருக்கும். தமிழர் பெயர்கள் இங்கேதான் கழுத்தை அறுக்கும். ‘எஸ். முருகேசன்’ ஒரு தாளில் ‘முருகேசன் செல்லையா’, இன்னொன்றில் ‘செல்லையா முருகேஷ்’. எழுத்துப் பிழையை மோசடி என்று அச்சிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். வயது, கதவு எண், தகப்பன் பெயர் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு மகாராஷ்டிராவில் 150 சொல்லுக்குள், ஒரே விஷயம் பற்றி இருக்க வேண்டும். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ‘ஏன் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் பயனில்லை. ‘இன்ன கோப்பின் நகல்’ என்று கேட்க வேண்டும்.

நாவலுக்கு இந்த அலைச்சல் இல்லை. அதனாலேயே நிரூபிக்க முடியாததை எல்லாம் நாவலில் கொட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை கற்பனையாக வைத்த ‘ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ்’ என்ற பெயரில் நிஜமாகவே ஒரு வக்கீல் இருந்தார். வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார், மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார். நம் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) குற்றவியல் சட்டம் 356-ஆம் பிரிவிலும் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ‘யாவும் கற்பனை’ என்று முதல் பக்கத்தில் போடுவது கவசம் ஆகாது. படிப்பவர் ஆளைக் கண்டுகொண்டால் சிக்கல்தான். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பதவி, வயது, வார்டு எல்லாம் மாற வேண்டும். மூன்று பேரை ஒருவராக்குவது இன்னும் நல்லது.

தகவல் தந்தவருக்கும் நாவல்தான் அதிக ஆபத்து. செய்தியில் அவர் வெறும் ‘ஓர் அதிகாரி’. நாவலில் உயிர் வர வேண்டும் என்று அவருடைய திக்குவாயையும், சர்க்கரை இல்லாத கட்டிங் சாயையும் (அரை கிளாஸ் டீ) எழுதிவிட்டால் அலுவலகம் முழுக்க ஆளைச் சொல்லிவிடும்.

செய்தியில் இடமில்லாததற்கே நாவல். பட்டியலில் பெயர் வராத கிழவி முப்பது வருட லைட் பில்லை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருப்பதற்குச் செய்தியில் ஒரு வரிதான் கிடைக்கும். நாவலில் அதற்கு ஒரு அத்தியாயமே கொடுக்கலாம். பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் எஸ்.ஆர்.ஏ. விதிமுறை விளக்க ஆரம்பித்தால் மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

எனவே செய்தி முதலில், நாவல் பிறகு. செய்தியாக எழுதியதையே நாவலாக்கும் உரிமையைப் பொறுத்தவரை பயமில்லை: 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, பத்திரிகை ஊழியர் எழுதியதைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்றவை எழுதியவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அந்தத் தாளை முதலில் தேடி எடுங்கள்.