எட்டடிமானமா, பதினாறடிமானமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்புகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஓயாமல் கேட்பது: 0, 1 மட்டுமே கொண்ட நீண்ட இரும எண்ணைச் சுருக்கி எழுத, எட்டை அடியாகக் கொண்ட எட்டடிமானம் நல்லதா, பதினாறை அடியாகக் கொண்ட பதினாறடிமானம் நல்லதா? 181-ஐ எடுத்துக்கொள்வோம், இருமத்தில் 10110101.

எட்டடிமானம்: வலமிருந்து மும்மூன்றாக, 10|110|101. ஒவ்வொரு துண்டின் மதிப்பும் ஓர் இலக்கம்: 2, 6, 5. விடை 265.
பதினாறடிமானம்: நான்கு நான்காக, 1011|0101. விடை பி5.

பிட் என்பது ஒரு 0 அல்லது 1. ஒரு பைட்டில் எட்டு பிட். எட்டு நான்கால் மீதமின்றி வகுபடும், மூன்றால் வகுபடாது. அதனால்தான் 265-இன் முன்னால் இரண்டே பிட் கொண்ட குறைத்துண்டு துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே எரிச்சல்.

கற்பதற்கு: எட்டில் 0 முதல் 7 வரை, புதிதாக ஒன்றுமில்லை. பதினாறில் 10 முதல் 15 வரையான மதிப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்.

நிறக் குறியீடு, நினைவக முகவரிக்குப் பதினாறுதான். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பு அனுமதிக்கு மட்டும் எட்டை அசைக்க முடியாது: படிக்க, எழுத, இயக்க என ஆளுக்கு மூன்று பிட். 755 என்றால் 111|101|101: உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. மற்றவர்கள் எழுத முடியாது.