நாய் ஓயாமல் சொறிகிறதா? மாத்திரையா, சுரண்டலா, சாப்பாடா, ரத்தமா?

எங்கள் நாய் மணி சொறிகிற சத்தம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்கே பழக்கம். ஒருவர் சாப்பாடு என்றார், ஒருவர் புல் என்றார். எதிர்வீட்டு அக்கா மட்டும், வாசல் கழுவுகிற கறுப்புக் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொன்னார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தத் தார் வகைத் திரவம் நாயின் தோலைப் பொசுக்கும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

காரணத்தைத் தேட நான்கு வழிகள் இருந்தன. தெள்ளுப்பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், தோலைச் சுரண்டிப் பார்க்கலாம், சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், அலர்ஜிக்கு ரத்தம் எடுக்கலாம். கேட்ட மாத்திரத்தில் ரத்தப் பரிசோதனைதான் உருப்படியான வழி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இப்போது கேட்டால் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

டர்பனில் முதல் இடம் தெள்ளுப்பூச்சிக்குத்தான். ஜோகன்னஸ்பர்க் மாதிரி உறைபனி விழுகிற குளிர்காலம் இங்கே கிடையாது. ஆடி மாதக் குளிரிலும் பூச்சி பெருகும். "என் நாய் மேல் ஒன்றுகூட இல்லையே" என்பது பதில் ஆகாது. ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடி போதும், நாள் கணக்கில் சொறியும். அது நக்கியே பூச்சியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படாது. ஈரமான வெள்ளைத் தாளில் நாயைச் சீவிப் பாருங்கள். விழுகிற கறுப்புப் பொடி செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். வாலடியிலும் பின்தொடையிலும் சொறி அதிகம் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு மறுவாரம் முடிவு சொல்லக் கூடாது. நாய் மேல் இருக்கும் பூச்சி மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சோபாவிலும் கிடக்கிறது. அதனால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அதனதன் மருந்து, குறைந்தது இரண்டு மூன்று மாதம். பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா போன்ற மாத்திரைகளில் இன்னொரு லாபமும் உண்டு. சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிகளையும் அவை கொல்லும். ஒரே செலவில் இரண்டு சந்தேகம் தீரும். வலிப்பு வருகிற நாயாக இருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆடுமாட்டுக்கு விற்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கையளவில் ஊற்றுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கோலி இன நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதையும், டேப் ஒட்டி எடுத்துப் பார்ப்பதையும் மாத்திரையோடு சேர்த்தே செய்துவிடலாம். ஆழமாகச் சுரண்டினால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி பெரும்பாலும் சிக்கும். சார்கோப்டெஸ் என்ற இன்னொரு சிற்றுண்ணி அப்படியில்லை, இருந்தும் கண்ணில் படாமல் போவது சகஜம். காது விளிம்பும் முழங்கையும் சொறிந்து, வீட்டு ஆட்களுக்கும் அரிப்பு வந்தால், சுரண்டலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருந்து கொடுப்பதே புத்திசாலித்தனம். டேப்பில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தெரியும். டர்பன் புழுக்கத்தில் பாதம் பிசுபிசுத்து நாற்றம் அடிக்கிறதென்றால் அதுதான். ஆனால் அது பெரும்பாலும் மூல காரணம் இல்லை, வேறு அரிப்பின் மேல் வந்து குடியேறியது.

சாப்பாட்டுச் சோதனை மலிவு. ஆனால் பொறுமையைச் சோதிக்கும். போன புரட்டாசியில் வீட்டில் கறி கிடையாது, மணிக்கும் பருப்புச்சோறுதான். சொறி குறைந்தது. கோழிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால், அதே மாதம்தான் பூச்சி மாத்திரையும் தொடங்கியிருந்தோம். தயிர் வேறு தினமும் ஊற்றினோம். மாட்டிறைச்சி, கோழி, கோதுமையோடு பாலும் நாய்க்கு ஒவ்வாமை தரும் முக்கிய உணவுகளில் ஒன்று. ஆக, அந்த மாதம் எதையுமே நிரூபிக்கவில்லை.

முறையாகச் செய்தால் எட்டு வாரம். ஹைட்ரலைஸ்டு உணவு (புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்தது) மட்டும், இல்லாவிட்டால் நாய் இதுவரை தின்றே இராத ஒரு இறைச்சி. இங்கே நெருப்புக்கோழி கிடைக்கிறது. ஆனால் அதுவும் பறவைதான், கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எட்டு வாரத்தில் குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் சொறி திரும்பினால்தான் அது உணவு. இந்தக் கடைசிப் படியை யாருமே செய்வதில்லை.

ரத்தப் பரிசோதனையில் உணவு அலர்ஜிப் பகுதியை நம்பவே வேண்டாம். தூசிப்பூச்சி, மகரந்தம் பற்றிய பகுதிக்குப் பயன் உண்டு, ஆனால் காரணம் கண்டுபிடிக்க அல்ல. ஆரோக்கியமான நாய்க்கும் 'பாசிட்டிவ்' வரும். மற்றவை எல்லாம் கழிந்து, சூழல் ஒவ்வாமைதான் என்று முடிவான பிறகு, உடலைப் பழக்கப் போடும் அலர்ஜி ஊசியில் எதைச் சேர்ப்பது என்று பார்க்கத்தான் அது. முடியையும் எச்சிலையும் அனுப்பச் சொல்கிற சோதனைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஸ்டீராய்டு ஊசி? ஒரே நாளில் அரிப்பு அடங்கும், காரணமும் மறைந்துவிடும். டெமோடெக்ஸ் இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

வேப்பிலைக் குளியல் பற்றி ஒரு வார்த்தை. மாரியம்மன் பூசைக்கு இங்கே பலர் பறிப்பது சிரிங்கா மர இலை, ஊர் வேம்பு இல்லை. அதன் காய் நாய்க்கு விஷம்.

மாத்திரையால் மணிக்கு வாலடிச் சொறி நின்றுவிட்டது. பாதம் நக்குவது நிற்கவில்லை. அதனால் இப்போது சாப்பாட்டுச் சோதனை, ஐந்தாவது வாரம். நேற்று அம்மா கையில் தயிர்சோற்றோடு பின்வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டேன். "ஒரு வாய்தானேப்பா" என்கிறார். நாளை முதல் மறுபடி ஒன்றாவது வாரம்.