கே.வி.எம். மீது பத்து வருடத்துக்கு மேல் சர்வர் ஓட்டிய அனுபவம்

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியான வாரம் இன்னும் நினைவிருக்கிறது. குறை பிராசஸரிலேயே இருந்தது. கெர்னலை, அதாவது ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியைப் புதுப்பித்து ஒவ்வொரு சர்வரையும் ரீபூட் செய்தாக வேண்டும். மாத ஆரம்பம் என்பதால் கணக்குப் பிரிவில் மும்முரமாக பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு மென்பொருள் இருந்த வி.எம்.-ஐ (ஒரு சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்) ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வர் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்த்தினேன். காலியான பெட்டியை ரீபூட் செய்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். பகல் பதினோரு மணி. ஒருவரும் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வி.எம்.களுக்கு உள்ளே இருந்த கெர்னல்களையும் மாற்ற வேண்டியிருந்தது, அதை மட்டும் இரவுக்கு வைத்துக்கொண்டேன்.

2014 முதல் நாங்கள் பயன்படுத்துவது பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனம் 2008-இலிருந்து வெளியிடும் திறமூல மென்பொருள். டெபியன் என்ற லினக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும், பிரவுசரிலேயே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். ஆனால் உள்ளே சுமையைத் தூக்குவது, வி.எம்.களை ஓட்டுவதற்கென்று லினக்ஸ் கெர்னலில் இருக்கும் கே.வி.எம். என்னுடைய விமர்சனம் முக்கியமாக அதைப் பற்றித்தான்.

சாதாரண பி.சி., சர்வர்களில் இருக்கும் எக்ஸ்86 பிராசஸர்கள் ஆரம்பத்தில் வி.எம். ஓட்டும் வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருள் இதைச் சமாளிக்க, உள்ளே ஓடும் ஓ.எஸ்.ஸின் சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-இல் அறிமுகமான ஸென் என்ற மென்பொருள், உள்ளே ஓடும் ஓ.எஸ்.ஸையே கொஞ்சம் திருத்திக்கொள்ளச் சொன்னது. 2005-இல் இன்டெலும் அடுத்த வருடம் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்த பிறகு நிலைமை மாறியது. 2006-இல் கும்ரனெட் நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி எடுத்த முடிவு எனக்கு இன்றும் பிடிக்கும். வி.எம்.களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு, சி.பி.யு. நேரத்தைப் பங்கிடும் ஷெட்யூலர் வேண்டும், மெமரி நிர்வாகம் வேண்டும், டிரைவர்கள் வேண்டும். இவை எல்லாமே லினக்ஸில் பல வருடம் அடிபட்டுத் தேறியவை. அப்படியானால் லினக்ஸையே ஹைப்பர்வைசர் ஆக்கிவிடலாமே? 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலேயே கே.வி.எம். சேர்ந்துவிட்டது.

அன்றாட வேலையில் இதன் பலன் நன்றாகவே தெரியும். ஒரு வி.எம். என்பது இங்கே ஒரு சாதாரண லினக்ஸ் பிராசஸ். அதன் ஒவ்வொரு விர்ச்சுவல் சி.பி.யு.வும் ஒரு த்ரெட். ஏதோ ஒன்று மெதுவாக ஓடுகிறது என்றால், வழக்கமான 'டாப்' கட்டளையை அடித்தாலே யார் சி.பி.யு.வைத் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தொங்கிப்போன வி.எம்.-ஐ 'கில்' செய்யலாம். லினக்ஸ் தெரிந்த ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

அதே குணம் ஒருமுறை எங்களைப் பாதித்தது. 2019-இல் டிஸ்க்குகளை இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றினோம். அது தன் கேஷுக்காக அப்போது ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 64 ஜி.பி. பெட்டியில் வி.எம்.களுக்கு 48 ஜி.பி. ஒதுக்கியிருந்தேன். கேஷுக்கு நான் வரம்பு வைக்கவில்லை. ஒரு இரவு மெமரி தீர்ந்தது. கெர்னல் தன் வழக்கப்படி பெரிய பிராசஸாகப் பார்த்துக் கொன்றது, அது எங்கள் டேட்டாபேஸ் வி.எம். தப்பு என்னுடையது. பிராக்ஸ்மாக்ஸ் 8.1-இலிருந்து புதிதாக நிறுவும்போது இந்த வரம்பு ரேமில் பத்து சதவீதமாகத் தானாகவே வைக்கப்படுகிறது. பழைய நிறுவலை மேம்படுத்தி வருபவர்கள் தாங்களே பார்த்து வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வி.எம்.களுக்கென்றே எழுதப்பட்ட விர்டியோ டிரைவர்கள். நிஜ நெட்வொர்க் கார்டு மாதிரி நடிக்கும் பழைய முறையைவிட இது எவ்வளவோ வேகம். விண்டோஸ் நிறுவும்போது மட்டும் இந்த டிரைவர்கள் உள்ள ஐ.எஸ்.ஓ. ஃபைலையும் சி.டி. போலச் சேர்த்து மாட்டுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கே கண்ணில் படாது.

வேகத்துக்காக வி.எம்.-இன் சி.பி.யு. வகையை 'ஹோஸ்ட்', அதாவது பெட்டியில் உள்ள பிராசஸர் அப்படியே, என்று வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு, என்னிடமும் இருந்தது. வேறு தலைமுறை பிராசஸர் உள்ள பெட்டிக்கு நகர்த்திய நொடியில் ஒரு வி.எம். உறைந்துபோனது. இப்போது எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வகையைத்தான் வைக்கிறேன். வேகத்தில் வித்தியாசம் எங்கள் வேலைக்குத் தெரியவில்லை.

பல பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக நிர்வகிக்கும் கிளஸ்டர் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டே பெட்டியில் தொடங்காதீர்கள். கிளஸ்டரில் பெட்டிக்கு ஒரு வாக்கு, முடிவுக்குப் பெரும்பான்மை வேண்டும். ஒன்று படுத்தால் மீதி இருப்பதற்குப் பாதி வாக்குதான், பெரும்பான்மை கிடையாது. ஓடுகிற வி.எம். ஓடும், ஆனால் நின்றுபோனதைத் தொடங்க முடியாது. மூன்றாவது சர்வர் வாங்கப் பணம் இல்லையா, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வாக்குக்காக மட்டும் வைத்தால்கூடப் போதும். நாங்கள் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினோம். அப்புறம் டிஸ்க்: வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.யில் இசட்.எஃப்.எஸ். வேண்டாம். எழுதும் அளவு அதிகம், சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பேக்கப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2020-இல் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் வந்த பிறகு, மாறிய பகுதிகள் மட்டும் போகின்றன. வி.எம்.-ஐ நிறுத்தி மறுபடி தொடங்கினால் மட்டும் அடுத்த பேக்கப்பில் முழு டிஸ்க்கையும் ஒருமுறை படிக்கும்.

சின்ன அலுவலகத்தில் இதைக் கற்றுக்கொண்டு என்ன பயன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2006-இல் ஸென் மேல் தொடங்கிய அமேசானின் கிளவுட் சேவை இ.சி.2, 2017-இல் நைட்ரோ என்ற புதிய அமைப்பு வந்தபோது கே.வி.எம். பக்கம் திரும்பியது. கூகுளின் கிளவுட் சேவையான கம்ப்யூட் எஞ்சின் ஓடுவதும் இதன் மேல்தான். அமேசானின் இன்னொரு சேவையான லாம்டாவுக்கு அடியில் இருக்கும் ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருளும் அப்படியே. சர்வர் அறையில் ராத்திரி உட்கார்ந்து கற்றது கிளவுடிலும் அப்படியே உதவுகிறது.

எங்கள் மெயில் வி.எம். 2014 செப்டம்பரில் உருவாக்கியது. அது குடியிருந்த முதல் பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது, இரண்டாவதும் போய்விட்டது. உள்ளே டெபியனைப் பதிப்புக்குப் பதிப்பு மேம்படுத்தியிருக்கிறேனே தவிர, மறுபடி நிறுவியதே இல்லை. போன மாதம் மூன்றாவது பெட்டியிலிருந்து நான்காவதற்கு மாற்றினேன். நாற்பது நொடி ஆனது.