அந்தத் தாளின் மூலையைப் பாருங்கள்

ஹூஸ்டன் பக்கம் பிக்கப் டிரக் வைத்துக்கொண்டு, 'கோல்ட் ஏர் இன்டேக்' (எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் என்று சொல்லி விற்கும் குழாயும் ஃபில்டரும்) மாட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பாடத்துக்கு எனக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது.

என் வண்டி 5.3 லிட்டர் வி8 பெட்ரோல். நிறுவனம் சொல்லும் கணக்கு எஞ்சினில் 355 குதிரைத்திறன். கோடையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆஸ்டினுக்கு மேற்கே மேடேறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது என்று எனக்கொரு நினைப்பு. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் சொன்னேன். "உங்கள் வண்டி மூக்கடைப்போடு ஓடுகிறது" என்றார் கடைக்காரர். நல்ல வாய்.

குழாயும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரும் 430 டாலர், மாட்டக் கூலி 110, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) ஏற்றி அளக்க 150. எஞ்சினிலிருந்து சக்கரம் வருவதற்குள் கொஞ்சம் வீணாகும்; அது போக, முன்பு 288, பிறகு 301 என்று சக்கரத்தில் எடுத்த அளவு தாளில் வந்தது. பதின்மூன்று குதிரை! தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சத்தம் பிரமாதம், அதை மறுக்கமாட்டேன். உறிஞ்சும் சத்தத்தை அடக்குவதற்காகவே நிறுவனம் காற்றுக் குழாயில் சிறு அறைகள் வைத்திருக்கிறது. அவை போனால் மிதிக்கும்போதெல்லாம் உறுமல்தான். காது கேட்டதை உடம்பு வேகம் என்று நம்பிவிடுகிறது.

மூன்றாவது வாரம் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிழைக் குறி பி0101. உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் அளவு சரியில்லை என்பது அதன் பொருள். அதனுள் சூடேற்றப்பட்ட மெல்லிய பகுதி ஒன்று உண்டு. காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணினி முடிவு செய்கிறது. டீலரிடம் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். மேலே எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய தூசி. 185 டாலர் பில். வாரண்டி இருக்கிறதே என்றேன். வேறு நிறுவனத்துப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக்கூடாது என்று 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாகமே கெடுத்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. டீலர்மீது எனக்குக் கோபமில்லை.

கோபம் கடைக்காரர்மீது. "ஃபில்டருக்கு எண்ணெய் அதிகம் விட்டிருப்பீர்கள்" என்றார். நான் அதைத் தொட்டதுகூட இல்லை. சரி, வண்டியோடு வந்த பழைய ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டிக் கொடுங்கள் என்றேன். அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைத்த வண்டிகளின் பாகம் விற்கும் இடத்தில் 140 டாலருக்கு வேறொன்று தேடிப் பிடித்தேன்.

இதற்கிடையில் பதிவு புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் புகைப் பரிசோதனை கட்டாயம். அந்த விளக்கு எரிந்தால் தேறாது. பிழையை அழித்துவிட்டு உடனே ஓடினாலும் பயனில்லை. வண்டியின் கணினி தன் சுயசோதனைகளை முடிக்கச் சில நாட்கள் ஓட்டவேண்டும்.

கடைசியில்தான் விஷயம் வெளிவந்தது. டைனோ இயக்கிப் பழகிய நண்பர் ஒருவர் என் தாளை வாங்கி, எண்களை விட்டுவிட்டு மூலையைப் பார்த்தார். முதல் ஓட்டத்தின் கீழே எஸ்ஏஇ என்று இருந்தது. இரண்டாவதன் கீழே எஸ்டிடி. வெப்பமும் காற்றழுத்தமும் நாளுக்கு நாள் மாறுவதால் அளவை ஒரு பொது நிலைக்குத் திருத்திப் போடுவார்கள். எஸ்ஏஇ 25 டிகிரி செல்சியஸை வைத்துத் திருத்துவது, எஸ்டிடி ஏறக்குறைய 15.5 டிகிரியை வைத்து. அதே ஓட்டம் எஸ்டிடியில் சுமார் 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 288க்கு 4 சதவீதம் கூட்டினால் 299.5. என் பதின்மூன்று குதிரையில் மிஞ்சியது ஒன்றரை. அதுவும் இரண்டாம் ஓட்டத்தில் பானட்டைத் திறந்து விசிறி வைத்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்றைய டிரக்குகளில் நிறுவனத்தின் பெட்டியே எஞ்சின் சூடு படாமல் முன்பக்கத்திலிருந்தோ மட்கார்டுப் பக்கத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கிறது. எனக்கு மாட்டியதோ ஒரு தகட்டு மறைப்புக்குப் பின்னால் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. ஆகஸ்ட் மாத நெரிசலில் அது குடிப்பது வெந்நீர் மாதிரிதான். காற்று பத்து டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். மைலேஜ் கூடும் என்றும் சொல்வார்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டரை வைத்தே சோதித்தது. புதிய பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் செலவு சொல்லும்படி மாறவில்லை. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்து, கணினியையும் அதற்கேற்ப மாற்றுகிறவர்கள் கதை வேறு.

குழாயை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். நேற்று ஒருவர் கூப்பிட்டு எத்தனை குதிரை கூடும் என்று கேட்டார். ஒன்றரை என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.