மெலிந்துபோன சிறுத்தைப் பல்லிக்கு ரெபாஷி கிரப் பை: ஆறு வாரம் பயன்படுத்திய பின்

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி தன் கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும். நலமாக இருக்கும் பல்லியின் வால் கழுத்தளவுக்குத் திரண்டிருக்கும். எங்கள் பொன்னியின் வால் சனவரி மாதத்தில் பென்சிலைப் போல ஒடுங்கி, இடுப்பெலும்பும் தோலை மீறித் துருத்தத் தொடங்கிய பிறகுதான் அவளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அக்டோபரில் 58 கிராம் இருந்தவள் 43 கிராமுக்கு இறங்கியிருந்தாள். சில்வண்டு, மாவுப்புழு என எதை விட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மலத்தைப் பரிசோதித்தார். ஒட்டுண்ணி எதுவும் இல்லை. அவர் உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூண்டின் வெப்பத்தைக் கேட்டார். டொரன்டோவின் குளிர்காலத்தில், கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்த வட்ட வெப்பமானியை நம்பியிருந்தது என் பிழை. அது காட்டியது காற்றின் வெப்பத்தை; பல்லி வயிறு பதித்துப் படுக்கும் தரையோ 24 டிகிரி செல்சியஸில் கிடந்தது. அங்கே 31 முதல் 33 டிகிரி வரை இருந்தால்தான் உண்டது செரிக்கும். ரெபாஷி நிறுவனத்தின் கிரப் பை என்ற இந்த உணவுப் பொடியை வாங்க நினைப்பவர்கள் முதலில் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த வயிற்றுக்குள் எதைச் செலுத்தினாலும் அது செரிக்காமல் அழுகும்.

வெப்பத்தைச் சரிசெய்து, உடலின் நீர்ச்சத்து மீண்ட பிறகே கிரப் பை டப்பாவைத் திறந்தேன். பூச்சியுண்ணும் ஊர்வனவற்றுக்காகத் தயாரிக்கப்படும் இந்தப் பொடியின் முதன்மைப் பொருள் கருப்புப் படைவீரன் ஈயின் புழு மாவு. மீன்களுக்கும் இதே பெயரில் ஒரு வகை விற்கப்படுவதால் வாங்கும்போது சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி ஆறவிட்டால், கடற்பாசி ஜெல்லி போல உறைந்துவிடும். மணம் காய்ந்த இறால் பொடியை நினைவூட்டும். எனக்கு அது தொந்தரவாக இல்லை, வீட்டில் மற்றவர்களின் கருத்து வேறு.

நோயுற்ற பல்லிக்கு உறைந்த துண்டு உதவாது. கூடுதலாக வெந்நீர் விட்டுக் கூழாக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் எடுத்து, மூக்கு நுனியில் ஒரு துளி வைத்தேன். சற்று நேரம் அவள் அசையவே இல்லை. பிறகு இளஞ்சிவப்பு நாக்கு வெளியே வந்து, உதட்டோரத்தை ஒரு சுற்றுத் துடைத்து உள்ளே போனது. அடுத்த துளிக்கு நாக்கு முந்திக்கொண்டது. முதல் நாள் நான்கு துளிகள், வார இறுதிக்குள் அரை மில்லிலிட்டர், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக ஊட்டுவது ஆபத்து என்பதை அவர் இரண்டு முறை எச்சரித்தார். வாயைப் பிளந்து ஊட்டும் வேலையை நான் செய்யவில்லை. தாடை முறியவும், கூழ் மூச்சுக்குழலில் இறங்கவும் கூடும். ஊரிலிருந்து அழைத்த அம்மா, “பல்லிக்குச் சங்கடையில் பால் புகட்டுறவ நீ ஒருத்திதான்” என்றார்.

இப்பொடியிலேயே கால்சியமும் வைட்டமின்களும் சேர்ந்திருப்பதால் தனியாக எதையும் தூவ வேண்டியதில்லை. மீதக் கூழை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பனிக்கட்டித் தட்டின் சிறு குழிகளில் உறையவைத்து, தேவைப்படும்போது ஒன்றை வெந்நீரில் இளக்கிக்கொள்வதே எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் இதையே நிரந்தர உணவாக்கிவிடலாம் என்று எண்ணி வாங்குபவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அதற்குக் காரணம் பொடியன்று, விலங்கின் இயல்பு. கூழையும் பழத்தையும் தானாக நக்கி உண்ணும் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியைப் போன்றதன்று சிறுத்தைப் பல்லி. நகர்வதைக் கண்டுதான் அது பாயும். உறைந்த கலவையைப் புழு அளவில் நறுக்கி இடுக்கியால் ஆட்டிக் காட்டியபோது, பத்து முறையில் இரண்டு முறைதான் பொன்னி கவ்வினாள். ஆகவே பசி மீளும்வரை தாங்கிப் பிடிக்கும் கைத்தடியாக மட்டும் இதைக் கொள்வது நல்லது. அந்த அளவில் நான் கொடுத்த விலைக்கு இது தகும். ஒரு பல்லி மட்டும் வளர்ப்பவர்களுக்கு 85 கிராம் டப்பாவே தாராளம்.

நான்காம் வாரத்தில் கூழைத் தொட்டு நீட்டிய மாவுப்புழுவைப் பொன்னி தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்து, வால் நுனி துடிக்க ஒரே பாய்ச்சலில் பிடித்தாள். ஆறாம் வார ஞாயிற்றுக்கிழமை அவள் எடை 49 கிராம். டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.