கொந்தராத்தா, சொந்தப் பொறுப்பா: தெஹிவளையில் 850 சதுர அடி வீடு கட்டிய கணக்கு

தெஹிவளையில் எங்களுக்கு இருந்தது ஆறரை பேர்ச் (ஏறக்குறைய 1,770 சதுர அடி) காணி. அதில் 850 சதுர அடியில், மேல்மாடி இல்லாத வீடு ஒன்று கட்டினோம். 2024 ஜனவரியில் அத்திவாரம் வெட்டி, அடுத்த வருடம் பெப்ரவரி கடைசியில் குடிபுகுந்தோம். சாமானெல்லாம் நாங்களே வாங்கினோம். மேசன் பாஸிடம் (தலைமைக் கொத்தனாரிடம்) கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசிக் கொடுத்தோம். வத்தளை, ஹெந்தளையில் இருக்கும் என் மச்சாள் ஏறக்குறைய இதே அளவு வீட்டை முழுக் கொந்தராத்தாகக் கொடுத்தவர். சாமானும் கூலியும் கொந்தராத்துக்காரர் பொறுப்பு, திறப்பு மட்டும் இவர் கைக்கு வரும். இரண்டு வீட்டையும் பார்த்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: எது லாபம்?

நான் எங்கள் வழியின் பக்கம்தான். ஆனால் அது எல்லாரும் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

மூன்றாவதாக நாட்கூலி என்று ஒரு வழியும் உண்டு. மதில், கக்கூஸ் குழி, சின்னத் திருத்த வேலை என்றால் அது சரி. முழு வீட்டுக்கு வேண்டாம். கருங்கல் சல்லி லொறி பதினொரு மணிக்கு வந்தால், காலை எட்டு மணியிலிருந்து நான்கு பேர் மர நிழலில் இருந்ததற்கும் நீங்கள் கூலி கொடுக்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளான் அனுமதி, வீதிக்கோட்டிலிருந்து விடவேண்டிய இடம், வேலை முடிந்தபின் எடுக்கும் இணக்கச் சான்றிதழ், தண்ணீர், மின்சார இணைப்பு எல்லாம் யார் கட்டினாலும் காணிச் சொந்தக்காரர் தலையில்தான். வங்கிக் கடனும் அப்படியே. என்ன சாமான், எவ்வளவு என்று எழுதிய அளவுப் பட்டியல் கேட்பார்கள், வேலை ஏறஏறக் கட்டம் கட்டமாகத்தான் பணம் விடுவார்கள், ஆகவே முதல் கட்டத்துக்குக் கையில் காசு வேண்டும்.

இனிக் கணக்கு. மச்சாளின் வீட்டு விலையையும் எங்கள் விலையையும் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை. அவர் ஒப்பந்தம் போட்டது 2021 கடைசியில். அதற்குப் பிறகு 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்கள் பிளானுக்கே 2024இல் வாங்கிய மூன்று விலைகளில் நடு விலையை எடுக்கிறேன். சதுர அடி 11,000 ரூபா, மொத்தம் 93.5 இலட்சம். எட்டு மாதத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு.

எங்களுக்கு முடிந்தது 78.6 இலட்சம். சாமான் 51.2 இலட்சம். பாஸின் கூலி சதுர அடிக்கு 1,900 ரூபாப்படி 16.15 இலட்சம். வயரிங், பைப், டைல்ஸ், பெயின்ற் கூலி 7.4 இலட்சம். என்ஜினியர் வந்துபோனது, மெஷின் வாடகை, தற்காலிக மின்சாரம், எங்கள் பிழைகளுக்குக் கட்டிய தண்டம் எல்லாம் சேர்த்து 3.85 இலட்சம். அந்தத் தண்டத்தில் பெரியது பாத்ரூம் தரை. வாட்டம் பிழைத்து, தண்ணீர் கதவுப் பக்கம் ஓடியது. போட்ட டைல்ஸை உடைத்துத் திரும்பப் போட்டோம்.

ஆக 14.9 இலட்சம் மிச்சம். பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள். நானும் மூடியிருந்தேன். தங்கச்சிதான் கொப்பியை வாங்கித் திரும்பவும் திறந்தாள்.

எட்டு மாதத்துக்குப் பதில் எங்களுக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊருக்குப் போன பாஸ் மூன்று கிழமை கழித்து வந்தார். வெசாக், ஒவ்வொரு பௌர்ணமியும் வேலையில்லை. இடையில் இன்னொரு வீட்டு வேலையையும் அவர் பிடித்துக்கொண்டார். கூடுதலாக ஆறு மாதம் நாங்கள் கட்டிய வீட்டு வாடகை 3.3 இலட்சம். அதைக் கழித்தால் 11.6. அந்தப் பதினான்கு மாதமும் காலையிலிருந்து பின்னேரம் வரை வேலை நடக்கிற இடத்தில் நின்றவர் எங்கள் அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பதிலாக மாதம் 80,000 ரூபாவுக்கு ஒரு மேற்பார்வையாளரை வைத்திருந்தால் 11.2 இலட்சம் போயிருக்கும்.

மிஞ்சுவது 40,000 ரூபா.

கொந்தராத்துக்காரரின் லாபம் என்று நாங்கள் நினைத்தது பெரும்பாலும் அப்பா செய்த வேலையின் சம்பளம். அது வெளியே போகாமல் எங்கள் வீட்டுக்குள் நின்றது, அவ்வளவுதான். ஆகவே "நீங்களே கட்டினால் கால்வாசி மிச்சம்" என்று யாராவது சொன்னால் அந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த மிச்சமும் இல்லை. நான் வேலைக்குப் போகிறவள். சனிக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்த்துக் கட்டியிருந்தால் 93.5 இலட்சத்துக்கு மேலேயே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் எங்கள் வழியின் பக்கம் இருப்பதற்கு முதல் காரணமும் இந்த நிற்கிற வேலைதான். அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

முழுக் கொந்தராத்தில் சாமானை மிச்சம் பிடித்தால் கொந்தராத்துக்காரருக்கு ஆதாயம். கூலிக் கொந்தராத்தில் நேரத்தை மிச்சம் பிடித்தால் பாஸுக்கு ஆதாயம். நாட்கூலியில் வேலை இழுபட்டால் ஆதாயம். யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாஸ் தங்கமான மனிதர். ஆனால் எந்தப் பக்கம் இழுவை இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கண் இருக்க வேண்டும்.

மணலை எடுங்கள். கியூப் கணக்கில் வாங்குகிறோம், ஒரு கியூப் நூறு கன அடி. மூன்று கியூப் என்று பில்லோடு ஒரு டிப்பர் வந்தது. அப்பா ஏறி அளந்தார். பெட்டி 12 அடி நீளம், 7 அடி அகலம். ஒரு கம்பியை ஆறு இடத்தில் குத்திப் பார்த்தார். நடுவில் குவிந்திருந்தாலும் ஓரங்களில் தாழ்வு, சராசரி 3 அடிதான். 252 கன அடி, இரண்டரை கியூப். கடைக்குப் போன் எடுத்து, இரண்டரைக்குத்தான் காசு என்று முடிவானபிறகே கொட்டவிட்டார். அதுவும் ஈர மணல். கொஞ்சம் ஈரம் ஏறினாலே மணல் இருபது, முப்பது சதவீதம் வரை உப்பி நிற்கும். அடுத்த லொறியிலிருந்து கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அளவு நாடாவை எடுப்பார்.

கம்பியும் அப்படித்தான். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும், ஆறு மீற்றர் கம்பி ஒன்று ஐந்து கிலோ முந்நூறு கிராமுக்குக் கிட்ட. எங்கள் தராசில் வைத்தபோது ஒரு கட்டுக்குள் ஐந்து கிலோவுக்கும் குறைந்த கம்பிகள் இருந்தன. திருப்பி அனுப்பினோம். முழுக் கொந்தராத்தில் இதை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?

ஸ்லாப் (கொங்கிறீற்றுக் கூரைத் தட்டு) போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குள், கலந்த கொங்கிறீற்றைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லொறி வராது. ஒரு பை மெஷினில்தான் கலந்தோம். 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி) ஒரு கியூப் கொங்கிறீற்றுக்கு ஏறக்குறையப் பதினெட்டுப் பை சீமெந்து போகும். பீம்களோடு நாலரை கியூப், ஆகவே எண்பது பையை ஒட்டி வரவேண்டும் என்று என்ஜினியர் எழுதித் தந்திருந்தார். அப்பா வெறும் பைகளை ஒரு பக்கத்தில் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்கு வெயில் ஏற, கலவை இறுகத் தொடங்கியது. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஹட்டன் பெடியன் ஹோஸ் பைப்பைத் தூக்கினான்.

"தண்ணி போதும் தம்பி," என்றார் அப்பா.

"இறுகுது ஐயா, இழுக்க ஏலாது."

"ஏலாட்டி இன்னொரு ஆளைப் போடுவம். தண்ணி விடாத."

பக்கத்து வீட்டு வேலையிலிருந்து இரண்டு பேரை அரை நாள் கூலிக்குக் கூப்பிட்டோம். பெடியன் கெட்டித்தனமாகத்தான் வேலை செய்தான், அவனுக்கு அது முதுகு வலி. ஆனால் கூடுதலாக விட்ட தண்ணீர் காய்ந்து போகும்போது கொங்கிறீற்றுக்குள் ஓட்டை விட்டுத்தான் போகும். தெஹிவளையில் கடற்காற்று அந்த ஓட்டை வழியாகக் கம்பியைத் தேடி வரும். பின்னேரம் எண்ணியபோது வெறும் பை எண்பத்தி மூன்று. அடுத்த நாளிலிருந்து ஸ்லாப்பில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம், இரண்டு கிழமை. பாஸ் ஏழு நாள் போதும் என்றார். தண்ணீர் நிற்கிற ஸ்லாப்பில் அவருக்கு வேலை இல்லை, அதுதான் விஷயம்.

மச்சாள் வீட்டு ஸ்லாப் போட்ட அன்று அவர் ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்டில் இருந்தார். மச்சான் கத்தாரில். யாரும் நிற்கவில்லை. ஸ்லாப் நல்லதாகவும் இருக்கலாம், இதுவரை ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் எத்தனை பை போனது என்று அவருக்குத் தெரியாது, இனித் தெரியவும் வராது.

இரண்டாவது காரணம் நிறுத்தி நிறுத்திக் கட்டும் வசதி. 200 ரூபாவை ஒட்டி மத்திய வங்கி நிறுத்தி வைத்திருந்த டொலரின் விலையை 2022 மார்ச்சில் தளர்த்திவிட்டதும், சில கிழமைகளில் அது 300ஐத் தாண்டியது. அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. மச்சாளின் கொந்தராத்துக்காரர் லின்டல் (கதவு, யன்னலுக்கு மேலே ஓடும் பீம்) மட்டத்தோடு வேலையை நிறுத்திவிட்டார். எழுதிய விலைக்கு அவரால் கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் விலை ஏறினால் எப்படித் திருத்துவது என்று ஒரு வரியும் இருக்கவில்லை. ஐந்து மாதம் சுவர்கள் மழையில் நின்றன. கடைசியில் அவர் கேட்டதைக் கொடுத்துத்தான் முடித்தார்கள். நாங்கள் கட்டியபோது இப்படி ஒரு புயல் இல்லை. அதனால் எங்கள் முறை அதைத் தாங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கைக்காசு இறுகிய இரண்டு மாதம் பூச்சு வேலையை நாங்களாகவே தள்ளிப்போட்டோம், ஒருவரிடமும் கெஞ்சவில்லை.

பராமரிப்பில் வித்தியாசம் இன்னும் தெளிவு. பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், பைப்பும் வயரும் ஓடும் இடத்தில் அளவு நாடாவைப் பிடித்து, போனில் படம் எடுத்து வைத்தோம். குசினிச் சுவரில் அலமாரி அடிக்க ஆள் வந்தபோது, தரையிலிருந்து மூன்றடி இரண்டு அங்குலத்தில் பைப் போகிறது என்று காட்டினேன். மச்சாள் வீட்டில் ஒரு வருடத்துக்குள் பாத்ரூமுக்கு வெளிச்சுவர் ஈரம் குடித்தது. பைப்காரர் மூன்று இடத்தில் டைல்ஸ் உடைத்துத்தான் கசிவைப் பிடித்தார். கொந்தராத்துக்காரர் போனை எடுப்பதில்லை. முழுக் காசும் கொடுத்து முடித்தாயிற்று, எதற்கு எடுப்பார்?

இதற்குப் பிறகும், மச்சாள் எடுத்தது பிழையான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் கத்தாரில், ஒருவர் ஷிப்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவர்களுக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்டவர்கள் கொந்தராத்துக்கே கொடுங்கள். ஆனால் சதுர அடி விலையை மட்டும் எழுதிக் கையெழுத்து வைக்காதீர்கள். என்ன சாமான், எந்த அளவு என்று வரிவரியாக எழுதிய அளவுப் பட்டியலைக் கேளுங்கள். வற் (பெறுமதி சேர் வரி) விலைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள், 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஐந்து சதவீதத்தைப் பிடித்துவைத்து, பிழை திருத்தும் காலமாக ஒரு வருடம் கழிந்தபின் விடுவதாக எழுதுங்கள். பெரிய ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ளதுதான், சின்ன வீட்டுக்காரர்கள்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். அத்திவாரம், ஸ்லாப் இரண்டுக்கும் முன்னால் கம்பி கட்டியதைப் பார்க்க உங்கள் செலவில் ஒரு என்ஜினியரை அனுப்புங்கள்.

கூலிக் கொந்தராத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அத்திவாரம், லின்டல், ஸ்லாப், பூச்சு என்று கட்டம் பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள். புத்தாண்டுக்கு முன்னால் அட்வான்ஸ் கேட்டு வருவார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் திரும்பி வருவதற்கும் ஏதாவது மீதம் இருக்கட்டும்.

எங்கள் ஸ்லாப்பில் மேல்மாடிக்கென்று விட்ட கம்பிகள் நிற்கின்றன. கடற்காற்றில் துருப்பிடிக்காமல் மெலிந்த கலவையால் மூடி வைத்திருக்கிறோம். தங்கச்சியின் கலியாணத்துக்கு முன்னால் மேலே இரண்டு அறை போட வேண்டும். அப்பாவின் முழங்கால் இப்போது ஏணி ஏற விடுவதில்லை, நானும் வேலையை விட முடியாது. அதனால் மேல்மாடியை முழுக் கொந்தராத்தாகத்தான் கொடுக்கப் போகிறோம். அளவுப் பட்டியலை அப்பா இப்போதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார். முதல் பக்கத்தில் ஒரு கம்பியின் நிறை, ஒரு கியூபின் அளவு, பிடித்துவைக்க வேண்டிய ஐந்து சதவீதம்.