நேரோபோட்டில் ஃபோர் கவுண்டீஸ் ரிங்: இரண்டு வாரம் ஒதுக்குங்கள்

நேரோபோட் என்பது குறுகிய கால்வாய்களுக்கென்றே கட்டிய ஒடுங்கிய, நீளமான படகு. இங்கிலாந்தில் டிரென்ட் அண்ட் மெர்சி, ஸ்டாஃபோர்ட்ஷயர் அண்ட் உஸ்டர்ஷயர், ஷ்ரோப்ஷயர் யூனியன் கால்வாய்களை இணைத்துச் சுற்றிவரும் ஃபோர் கவுண்டீஸ் ரிங் மொத்தம் 110 மைல், 94 லாக். லாக் என்பது இரு முனையிலும் வாசல் வைத்து, மதகு வழியே நீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி. படகுக்காரர்கள் மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். வருவதுதான் பயண மணி. இங்கே 68 மணி. ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் தினம் பத்து மணி நேரம் சுக்கான் பிடிக்க வேண்டும், இரண்டு வாரம் என்றால் ஐந்து மணி. ஒரு வாரத்தில் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் மழைக்கு ஒதுங்கவோ, ஊருக்குள் நடந்துபோய்வரவோ அவர்களுக்கு நேரம் இராது.

வேகமாக ஓட்டி நேரத்தை மிச்சப்படுத்த வழியில்லை. வரம்பு மணிக்கு 4 மைல். பல இடங்களில் அதையே எட்ட முடியாது. ஆழமில்லாத கால்வாயில் திராட்டிலைக் கூட்டினால் படகின் பின்பக்கம் நீரில் அமுங்கும், டீசல் செலவாகும், வேகம் கூடாது. பின்னால் எழும் அலை கரையில் உடைந்தால் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினை ஐட்லிங்குக்கே கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றைக் கட்டியிருக்கும் முளைகள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

படகின் அகலம் 6 அடி 10 அங்குலம், ஒற்றை லாக் 7 அடிக்குச் சற்றுக் கூடுதல். பக்கத்துக்கு ஒரு சாண்கூட இல்லாத அந்த இடைவெளியில் நுழையப் பழக ஒரு நாள் போதும். சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினால் முன்பக்கம் இடப்பக்கம் போகும், படகு தன் நடுவை மையமாக வைத்துத் திரும்பும். அதனால் முன்பக்கம் தப்பித்தாலும் வால் போய் இடிக்கும். ரிவர்ஸில் சுக்கான் கேட்காது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், ஆனால் கடைசி நேரத்தில்தான். முன்கூட்டியே ஒதுங்கினால் கரையோரச் சேற்றில் தட்டும்.

முழுக் கவனமும் வேண்டிய இடம் லாக். கீழே இறங்கும்போது மேல்வாசலுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்திட்டுதான் ஆபத்து. அதைச் ‘சில்’ என்பார்கள். அது எதுவரை வருகிறது என்று சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருக்கும். பின்பக்கம் அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். நீர் இறங்கும்போது பின்பக்கம் திட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போய், சில நிமிடங்களில் படகுக்குள் நீர் புகும். அப்படி மாட்டினால் முதலில் கீழ் மதகுகளை மூடுங்கள், பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து நீரை ஏற்றுங்கள். கயிறு பிடிப்பதானால் கரையிலுள்ள முளையில் ஒரு சுற்று சுற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும்; முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கும்.

ஏறும்போது, நீருக்கடியில் தரைவழியே நீர் விடும் தரைமதகை முதலில் பாதி திறந்து, படகு அசையாமல் நின்ற பிறகு மீதியைத் திறக்க வேண்டும். வாசலிலேயே பொருத்திய வாசல்மதகை அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் நேராக முன்தளத்தில் கொட்டும். மதகைச் சுழற்றும் விண்ட்லாஸ் கைப்பிடியைத் தண்டிலேயே விட்டு நகராதீர்கள். தடுப்புப்பல் நழுவினால் அது சுழன்று பறக்கும், கை முறியும்.

வீலாக்கிலிருந்து கிட்ஸ்குரோவ் வரை 7 மைலில் 26 லாக். ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்ற பெயர் சும்மா வரவில்லை. நால்வர் இருந்தால் ஒருவர் ஓட்ட, இருவர் லாக்கில் நிற்க, ஒருவர் முன்னால் நடந்து அடுத்த லாக்கைத் தயார்செய்யலாம். எதிரே படகு வருகிறதா என்று பார்த்த பிறகு. உச்சியில் பொறியாளர் டெல்ஃபோர்ட் கட்டி 1827இல் திறந்த ஹேர்காஸில் சுரங்கம், 2,926 கெஜம். ஒருவழிப் பாதை, சுரங்கப் பணியாளர் சொல்லும்போதுதான் நுழையலாம். கடக்க முக்கால் மணி நேரம்வரை ஆகும். நடுவில் கூரை தாழ்வதால் உயரமானவர்கள் குனிந்தே ஓட்ட வேண்டும். இரும்புத்தாதினால் அங்கே தண்ணீர் செங்காவியாக இருக்கும்.

ஷ்ரோப்ஷயர் யூனியனில் வேறு சிக்கல். பல இடங்களில் கரையோரம் நீருக்கடியில் கல்விளிம்பு நீண்டிருப்பதால் படகு கரையை ஒட்டாது, இரவெல்லாம் அடிப்பகுதி அதில் இடித்துக்கொண்டிருக்கும். சிறிய ரப்பர் சக்கரங்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் தூக்கம் கெடாது; வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி வேலை கால் மணி நேரம்தான். காலையில் ஆயில் அளவு பார்க்க வேண்டும். மாலையில் இன்ஜினை நிறுத்தியதும் ஸ்டெர்ன் கிளாண்டின் (புரொப்பல்லர் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) கிரீஸ் திருகை இறுகும்வரை ஒன்றிரண்டு சுற்று திருக வேண்டும். ஓடும்போது சொட்டுவது சரி, நின்ற பிறகும் சொட்டினால் கவனியுங்கள். புரொப்பல்லரில் பிளாஸ்டிக்கோ துணியோ சுற்றினால் அதிர்வு கூடி, புகை கருக்கும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, புரொப்பல்லருக்கு மேலே மூடியுள்ள வீட் ஹாட்ச் திறப்பின் வழியே கையை விட்டு வெட்டியெடுங்கள். மூடியைத் திரும்ப இறுக்கியதை இருவர் சரிபார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் புரொப்பல்லர் தள்ளும் நீர் இன்ஜின் அறையை நிரப்பிப் படகையே மூழ்கடிக்கும்.

தண்ணீர்த் தொட்டியை வாய்ப்புக் கிடைக்கும் இடமெல்லாம் நிரப்புங்கள், குழாயில் வேகம் குறைவாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். கழிவறையில் கேசட் வகையே எங்கள் தேர்வு: கழிவுத் தொட்டியை உறிஞ்சிக் காலிசெய்யும் பம்ப்-அவுட் நிலையம் பழுதானால் பயணமே நிற்கும், கேசட்டைக் கையால் தூக்கிப்போய்க் கொட்டிவிடலாம். குளிர்காலத்தில் பியூட்டேன் சிலிண்டர் வேலைக்கு ஆகாது, புரொப்பேன் கேளுங்கள். அடுப்பு எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத படகை எடுக்க வேண்டாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவார்கள். 2025 கோடையில் வறட்சியால் பல கால்வாய்கள் மூடப்பட்டன. எனவே பணம் கட்டுமுன், இந்தக் கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இணையதளத்தில் உங்கள் தேதிக்கான மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். புறப்படும் வாரத்தில் இன்னொரு முறையும்.